ஸ்டீராய்டு இடுப்பு எலும்பைச் சாகடிக்குமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி, 11.06.2023

தங்கைக்கு 24 வயது. லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், சிறுநீரகம் வரை வந்துவிட்டது. ஆறு வாரமாகப் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி., தினமும் காலையில். முகம் உப்பி நிலா மாதிரி ஆகிவிட்டது. ஸ்டீராய்டு எலும்புக்குப் போகிற ரத்தத்தை அடைத்துவிடும், இடுப்பு எலும்பு செத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். இது உண்மையா? உண்மை என்றால் இப்போதே நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போகலாமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

11.06.2023, இரவு 10.50

நிறுத்தாதீர்கள். காரணம் நாளை எழுதுகிறேன். இன்று ராத்திரியே யாராவது மாத்திரை அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடக் கூடாது, அதற்காக இந்த ஒரு வரி.

12.06.2023

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது உண்மைதான். பட்டவன் நான். இடது இடுப்பில் இருப்பது உலோகமும் பீங்கானும். வலது இடுப்பு சொந்தம், ஆனால் உள்ளே துளை போட்டது. வயது 39.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வேலை. 2021 மே மாதம் கொரோனா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், ஸ்டீராய்டு ஊசி. பிழைத்து வந்தேன். டிசம்பரில் இடது முழங்கால் வலித்தது. முழங்கால், நன்றாகக் கவனியுங்கள். முழங்காலுக்கு எக்ஸ்ரே, ஒன்றும் இல்லை. வாய்வு என்றார்கள், பூண்டு தின்றேன். எண்ணெய் போட்டு நீவினார்கள், அன்று ராத்திரி தூங்கவே முடியவில்லை. அப்புறம் வலி மெல்லக் கவட்டைக்கு ஏறியது. இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதுவும் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். கால்சியம் மாத்திரையோடு இரண்டு மாதம் போனது.

2022 மார்ச்சில் ஒரு எலும்பு டாக்டர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளினார். உயிர் போயிற்று. அவர் கேட்ட முதல் கேள்வி, "கொரோனா வந்துச்சா? ஸ்டீராய்டு போட்டாங்களா?" எம்ஆர்ஐ எடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. ஏவிஎன், அதாவது அவாஸ்குலர் நெக்ரோசிஸ். ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போவது. இடதில் தொடை எலும்பின் மேல் நுனியான பந்து உடைந்து அமுங்கியிருந்தது. வலதில் வலியே இல்லை, ஆனால் நோய் அங்கும் இருந்தது.

இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் காட்டுவது ஒன்றும் மாயமில்லை. இரண்டுக்கும் கிளை விடுகிற நரம்பு ஒன்றே. இது அன்று தெரிந்திருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

12.06.2023, இரவு

ஏன் நிறுத்தக் கூடாது என்று எழுத மறந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வாரக்கணக்கில் வந்தால், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை வெட்டினால் உடம்பில் சொந்தச் சரக்கு கிடையாது. ரத்த அழுத்தம் விழும், வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. இது ஒன்று. லூபஸ் சிறுநீரகத்தில் கொழுந்துவிட்டு எரியும்போது அதை அணைக்கிற மருந்தைப் பிடுங்கினால் சிறுநீரகம் போகும், இது இரண்டு. இடுப்பைக் காப்பாற்றப் போய் டயாலிசிஸில் உட்கார வேண்டாம். அளவைக் குறைக்க முடியுமா, ஸ்டீராய்டை மிச்சப்படுத்த வேறு மருந்து சேர்க்கலாமா என்று தங்கையைப் பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார் என்று பயந்து கேட்காமல் விடுகிறோம்.

14.06.2023

ரத்தம் எப்படி அடைகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்.

தொடை எலும்பின் மேல் நுனி ஒரு பந்து, இடுப்பில் இருக்கும் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பந்துக்கு ரத்தம் நேராகப் போவதில்லை. பெரிய குழாயிலிருந்து பிரிந்த கிளை ஒன்று எலும்பின் கழுத்தைச் சுற்றி வந்து, அதிலிருந்து மயிரிழை போன்ற குழாய்கள் பந்துக்குள் ஏறுகின்றன. வேறு வழியாக வருவது பெரியவர்களுக்குக் கொஞ்சம்தான். எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் பந்து ஒரு கடைமடை வயல். வாய்க்காலில் எங்கே குறைந்தாலும் முதலில் காய்வது அதுதான்.

ஸ்டீராய்டு அங்கே பல வேலை செய்கிறது. மஜ்ஜையில் இருக்கும் கொழுப்பு அணுக்கள் பெருத்துவிடுகின்றன, கூடவும் செய்கின்றன. ரத்தத்தில் கொழுப்புத் துளிகள் மிதந்து நுண்குழாய்களில் சிக்குகின்றன. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. குழாயின் உள்பூச்சு கெடுகிறது. ரத்தம் ஒருபக்கம் இருக்க, எலும்பு அணுக்களையே நேரடியாகவும் சாகவைக்கிறது. இதில் எது முதல் குற்றவாளி என்பதில் ஆராய்ச்சிக்காரர்களிடையே இன்னும் வழக்கு முடியவில்லை.

15.06.2023

நேற்று எழுதிய கடைமடை உவமை பாதிதான் சரி. ராத்திரி படுத்த பிறகு தோன்றியது. தண்ணீர் வராதது மட்டும் பிரச்சினை இல்லை, வடிகாலும் அடைபடுகிறது. எலும்பு கெட்டியான பெட்டி, பலூன் மாதிரி விரியாது. உள்ளே கொழுப்பு பெருத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மெல்லிய சுவருள்ள சிரைகள் முதலில் நசுங்கும். உள்ளே வந்த ரத்தம் வெளியே போக வழியில்லாமல் தேங்கும். தேங்கினால் புதிய ரத்தம் வராது. வயல் காய்ந்தும் சாகிறது, மூழ்கியும் சாகிறது.

வலதில் எனக்குத் துளை போட்டதும் இந்த அழுத்தத்தை இறக்கத்தான். கோர் டீகம்ப்ரெஷன் என்பார்கள். தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து கழுத்து வழியாகப் பந்து வரை துளை. பந்து அமுங்குவதற்கு முன்னால் செய்தால்தான் பிரயோஜனம்.

15.06.2023, பகல் சாப்பாட்டு நேரம்

ஜிம்மில் போடும் ஸ்டீராய்டும் இதுதானா என்று கேட்ட தம்பிக்கு: இல்லை, அது வேறு ஸ்டீராய்டு. உடம்பு ஏற்றப் போடுவது ஆண் ஹார்மோன் வகை. நாம் பேசுவது பிரட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் வகை. அதற்காக உன்னுடையது நல்லது என்று நான் சொன்னதாகப் போய்ச் சொல்லாதே.

19.06.2023

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தேன். இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டிருந்தவன் ஒருமுறையாவது கணக்குப் போட்டிருக்க வேண்டாமா? இப்போதுதான் போட்டேன்.

எல்லாவற்றையும் பிரட்னிசோலோன் கணக்குக்கு மாற்ற வேண்டும். பிரட்னிசோலோன் 5 மி.கி. என்பது மெத்தில்பிரட்னிசோலோன் 4, டெக்சாமெத்தசோன் 0.75, ஹைட்ரோகார்ட்டிசோன் 20-க்குச் சமம். எனக்கு மெத்தில்பிரட்னிசோலோன் தினம் 80 மி.கி., ஐந்து நாள். அது 500. பிறகு டெக்சாமெத்தசோன் 6 மி.கி. நான்கு நாள், அது 160. வீட்டுக்கு அனுப்பும்போது 40, 30, 20, 10 என்று ஒவ்வொன்றும் ஐந்து நாள், அது 500. மொத்தம் 1,160 மி.கி.

மருத்துவர்கள் ஸ்டீராய்டால் வந்த ஏவிஎன் என்று வகைப்படுத்த வைத்திருக்கும் அளவு மூன்று மாதத்துக்குள் 2 கிராமுக்கு மேல். நான் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு வந்தது. அந்தக் கோடெல்லாம் சும்மா.

20.06.2023

கோடு சும்மா இல்லை. சும்மா இருந்தது நான்.

கணக்கை மனைவியிடம் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் பீரோவிலிருந்து மெடிக்கல் பில் கட்டை எடுத்து வைத்தாள்.

டாக்டர் எழுதியது 20 நாள். அளவு 10-க்கு இறங்கியபோது உடம்பு துவண்டது, மூச்சு வாங்கியது. 40 போட்ட நாட்களில் என்ன தெம்பு, என்ன பசி! பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி, நானாகவே மறுபடி 40 போட்டேன். 28 நாள். கடைக்காரர் தேதி பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. அது 1,120 மி.கி. பிறகு ஒருநாள் கடையில் மாத்திரை இல்லை. இரண்டு நாள் போடாமல் விட்டேன், பாத்ரூமில் மயங்கி விழுந்தேன். (12-ம் தேதி அட்ரினல் பற்றி அவ்வளவு விவரமாக எழுதினேனே, எங்கே படித்தேன் என்று நினைத்தீர்கள்?) வேறு ஒரு டாக்டர் திட்டிவிட்டு 20 ஐந்து நாள், 10 ஐந்து நாள் கொடுத்து இறக்கினார். இன்னும் 150.

ஆக 2,430 மி.கி., ஏறக்குறைய 70 நாளில். ஆஸ்பத்திரியும் அவர்கள் எழுதிக் கொடுத்ததும் சேர்ந்து 1,160, மிச்சம் 1,270. அதில் 1,120 நானே போட்டது. கடைசி 150 என் வேலையைச் சரிசெய்யப் போனது. நேற்று எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

24.06.2023

"அப்படியானால் உங்கள் தப்புதான், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது சரி" என்று ஒருவரும், "இல்லை, எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தார்கள்" என்று இன்னொருவரும். இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள்.

2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு வந்தது. டெக்சாமெத்தசோன் 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. பத்து நாள் முழுக்கப் போட்டாலும் பிரட்னிசோலோன் கணக்கில் 400 மி.கி.தான். அந்த அளவோடு நின்றிருந்தால் வேறு கதை. இரண்டாவது அலையில் எங்கள் தெருவில் காய்ச்சல் வந்த முதல் நாளே டெக்சா போட்டவர்கள் இருந்தார்கள், ஆக்சிஜன் 98 இருக்கும்போதே.

இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 2003-ல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று வந்தபோது ஹாங்காங்கிலும் பெய்ஜிங்கிலும் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குப் பிறகு இடுப்பு போயிற்று. அவர்களில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட நர்சுகளும் உண்டு. ஹாங்காங்கில் 254 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் 12 பேருக்கு ஏவிஎன். மொத்தம் 3 கிராமுக்குக் கீழே வாங்கியவர்களில் 0.6 சதவீதம், மேலே வாங்கியவர்களில் 13 சதவீதம்.

மறுபக்கம், 2021-ல் மும்பை இந்துஜா ஆஸ்பத்திரியின் எலும்பு மருத்துவர்கள் கொரோனாவுக்குப் பின் ஏவிஎன் வந்த மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் வாங்கியது சராசரியாக 758 மி.கி. மட்டும், வலி வந்தது சராசரியாக 58 நாளில். கொரோனா தானே ரத்தத்தை உறையவைக்கிற நோய், அதுவும் சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. மூன்று பேரை வைத்து ஊரைக் கணக்கிட முடியாது. ஆனால் அளவு குறைவு என்பதற்காகக் கவட்டை வலியைத் தள்ளிவிடவும் முடியாது.

25.06.2023

குடியா? கேட்பீர்கள் என்று தெரியும். ஆமாம், அதுவும் ஏவிஎன்னுக்குப் பெரிய காரணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். டாக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். அவரும் உங்களைப் போலவே பார்த்தார்.

2.07.2023

கேள்வி கேட்ட தம்பி புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார். மாத்திரைக்கு முன்னால் தங்கைக்கு மூன்று நாள் மெத்தில்பிரட்னிசோலோன் 500 மி.கி. டிரிப்ஸில் ஏற்றினார்களாம்.

பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். 1,500-ஐ மாற்றினால் 1,875. மாத்திரை, கேள்வி கேட்ட நாள் வரைக்கும் மட்டும், 1,680. மொத்தம் 3,555. எழுதுவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அம்மா படிப்பாரோ என்று இருந்தது.

எழுதுகிறேன், ஏனென்றால் இதை இன்னொரு பக்கமிருந்தும் படிக்கலாம். ஹாங்காங்கில் 3 கிராமைத் தாண்டியவர்களில் 13 சதவீதம் என்றால், நூற்றில் 87 பேருக்கு வரவில்லை. அது சார்ஸ், இது லூபஸ், அப்படியே பொருத்த முடியாது. லூபஸ்காரர்களுக்கு இந்த ஆபத்து சாதாரண ஆளைவிடக் கூடுதல் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்கள் தங்கை 24 வயதில் எம்ஆர்ஐ எடுக்கக் கூடிய இடத்தில், கேள்வி கேட்கிற அண்ணனோடு இருக்கிறாள். எனக்கு டிசம்பரில் அதெல்லாம் இல்லை, பூண்டுதான் இருந்தது.

பார்க்க வேண்டியவை: கவட்டையில் வலி, தொடையின் முன்பக்கம் வலி, காரணமில்லாத முழங்கால் வலி, சம்மணம் போடும்போது ஒரு பக்கம் முட்டி தரைக்கு வராமல் தூக்கி நிற்பது, காலைத் தாங்கி நடப்பது. இதில் ஏதாவது வந்தால் எக்ஸ்ரே நார்மல் என்பதோடு திரும்பாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். ஒரு பக்கம் வலித்தாலும் இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள்.

2.07.2023, இரவு

நாட்டு மருந்துப் பொடி பற்றி. சித்த மருத்துவத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது, என் தாத்தா கைராசிக்காரர். ஆனால் பெயரும் சரக்கும் எழுதாத பொட்டலத்தில் வருகிற "மூட்டுவலிக்கு மூன்றே நாளில்" பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை இந்தியாவில் பலமுறை பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்று நாளில் வலி போய் முகம் உப்பினால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடி, அளவு தெரியாத ஸ்டீராய்டில் போய் விழுவானேன்?

11.07.2023

ஆஸ்துமா இன்ஹேலர் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: நுரையீரலுக்குள் போவது மைக்ரோகிராம் கணக்கு. நாங்கள் பேசுவது ஆயிரக்கணக்கான மில்லிகிராம். இன்ஹேலரை விட்டு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே ஊசியில் போடுவதுதான் அதிகம். பிள்ளைக்கு நிறுத்தாதீர்கள்.

எலும்புத் தேய்மானம் இது இல்லையா என்றவருக்கு: இரண்டும் ஸ்டீராய்டால் வரும், ஆனால் வேறு வேறு. ஒன்று எலும்பு முழுவதும் மெல்ல இளைப்பது. இது ஓர் இடத்தில் ரத்தம் நின்று சாவது. கால்சியம் மாத்திரை இதைத் திருப்பாது. நான் இரண்டு மாதம் தின்று பார்த்தவன்.

6.08.2023

பட்டறையில் இன்று ஒரு பழைய பஸ் வந்தது, அடிச்சட்டம் துரு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் சொல்லி அன்று எனக்குப் புரியாத ஒன்று புரிந்தது.

செத்த எலும்பு உடனே உடைவதில்லை. துருப்பிடிக்காத மரக்கட்டை மாதிரி அப்படியே நிற்கும், அதனால்தான் மாதக்கணக்கில் வலியில்லை. உடைவது எப்போது என்றால், உடம்பு அதை ரிப்பேர் செய்ய வரும்போது. செத்த பகுதியை அரித்து எடுத்துவிட்டுப் புதிய எலும்பு வைக்கப் பார்க்கிறது. அரிக்கிற வேகம் வைக்கிற வேகத்தைவிடக் கூடுதல். பஸ்ஸின் பழைய சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் சட்டம் வெல்டு வைப்பதற்குள் ஐம்பது பேரை ஏற்றி ஓட்டினால் என்ன ஆகும்? குருத்தெலும்புக்குக் கீழே பிறை மாதிரி ஒரு விரிசல் விடும், பிறகு பந்து தட்டையாகும். எக்ஸ்ரேயில் அந்தப் பிறை தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

என் இடது பக்கத்துக்கு அதுதான் நடந்தது. ஒரே நாளில் இடதில் மூட்டு மாற்று, வலதில் துளை. 2022 ஏப்ரல். "வலிக்காத காலில் எதற்கு ஓட்டை போட்டார்?" என்று என் மாமனார் இன்றுவரை கேட்கிறார். அந்தக் கால் மட்டும்தான் இன்னும் எனக்குச் சொந்தம், மாமா.

7.08.2023

"துருப்பிடிக்காத மரக்கட்டை" என்று எழுதியிருக்கிறேன். மரம் எங்கே துருப்பிடிக்கும்! சிரித்தவர்கள் சிரித்து முடியுங்கள்.

13.10.2023

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தில் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசு. 1957-லேயே இத்தாலியர் இருவர், ஸ்டீராய்டு எடுத்தவருக்கு இடுப்புப் பந்து செத்ததைப் பதிவு செய்துவிட்டார்கள். நடக்கவைத்து ஒன்பது வருஷத்தில். பேத்தியின் பாடப்புத்தகத்துக்கு என்னவோ தேடப்போய் என் கைக்கு வந்தது. (பேத்தி அண்ணன் வழி. வயதைக் கூட்டாதீர்கள்.)

18.01.2024

தம்பி ரிப்போர்ட்டைப் போட்டிருக்கிறார். டிசம்பரில் தங்கைக்கு வலது கவட்டையில் லேசான வலி. எக்ஸ்ரே நார்மல். இவர் விடவில்லை, எம்ஆர்ஐ எடுக்கவைத்திருக்கிறார். வலதில் சின்னதாக ஒரு பகுதி, பந்து அமுங்கவில்லை. இடது சுத்தம். சிறுநீரில் புரதம் குறைந்திருக்கிறது, வேறு மருந்து சேர்த்ததில் பிரட்னிசோலோன் 7.5 மி.கி.க்கு இறங்கிவிட்டது.

என் பதிலை மூன்று முறை எழுதி அழித்தேன். சின்ன பகுதி, அமுங்கவில்லை என்பது நல்ல செய்தி. பாரம் படும் இடமா, ஓரமா என்பதை எலும்பு டாக்டரிடம் கேளுங்கள், போக்கே அதைப் பொறுத்தது. துளை போடுவதா, பார்த்துக்கொண்டிருப்பதா என்பதும் அவர் முடிவு. எலும்பு அரிப்பைக் குறைக்கிற அலெண்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒருமுறை சிலர் தருகிறார்கள். தைவானில் 2005-ல் வந்த ஆய்வு நல்ல பலன் என்றது, பிறகு அங்கேயே பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஆய்வு வித்தியாசம் இல்லை என்றது. எனக்கும் தந்தார்கள். வலது நிற்பது அதனாலா, துளையாலா, பிரித்துச் சொல்ல வழியில்லை. கல்யாண வயது, கர்ப்பம் எல்லாம் இருப்பதால் அந்த மாத்திரைக்கு முன் அதையும் பேசிவிடுங்கள்.

19.01.2024

தரையில் உட்காரலாமா, பந்தியில் என்ன செய்வது என்று அம்மா கேட்கச் சொன்னாராம். குந்துவதும் தாழ உட்கார்ந்து எழுவதும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் என் டாக்டர் சொன்னார். பந்திக்காக நான் பட்டறையில் ஒரு முக்காலி அடித்து வைத்திருக்கிறேன். முக்கால் அங்குலக் குழாய், மேலே பழைய பஸ் சீட்டின் ஸ்பாஞ்ச். கல்யாண வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள், சாப்பிட்டு முடித்ததும் கிழவிகள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இன்னொன்று அடிக்கிறேன். தங்கைக்கு முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை எத்தனை அங்குலம் என்று அளந்து போடுங்கள். அதைவிட இரண்டு அங்குலம் கூட்டி வைக்க வேண்டும்.